செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு டாட்டூ பள்ளி: ஆறு வாரம் தங்கிப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பாடத்தைப் பற்றிக் குறைவாகவும் கட்டடத்தைப் பற்றி நிறையவும் இருக்கும். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிற ஒரு ஊரில், பழைய நகரத்தார் வீடு ஒன்றை எடுத்து, டாட்டூ கற்றுக்கொடுக்கும் பள்ளியாக மாற்றியிருக்கிறார்கள். ஆறு வாரம் அங்கேயே தங்கிப் படித்தேன். சில குறைகளையும் எழுதப்போகிறேன், அதனால் பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் போடவில்லை.

டாட்டூ படிக்கப் போனவளுக்குக் கட்டடத்தில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நாலு வருடம் மதுரையில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டிதான். கை கழுவுவது, ஊசி கோக்கிற ஸ்டீல் ட்யூபைக் கழுவுவது, டீ கிளாஸ் கழுவுவது எல்லாம் அதில்தான். ஓனர் கெட்ட மனிதர் இல்லை, வாடகைக்கு எடுத்தபோது அந்த இடத்தில் ஒரு குழாய் இருந்தது, அப்படியே விட்டுவிட்டார், அவ்வளவுதான். கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்துபோன இரத்தக் கறையில்கூட குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும் என்று அப்புறம்தான் படித்தேன். அன்றிலிருந்து எந்தக் கடைக்குள் போனாலும் சுவரில் மாட்டியிருக்கிற டிசைன் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் தரையையும் குழாயையும்தான் பார்க்கிறேன்.

இந்தப் பள்ளிக்குப் போன முதல் நாள் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வீடு அவ்வளவு அழகு. பர்மா தேக்குத் தூண், இத்தாலிய மார்பிள், ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி பளபளக்கிற சுண்ணாம்புச் சுவர். இவ்வளவு அழகான இடத்தில் இரத்தமும் மையும் சிந்துகிற வேலையை எப்படிச் செய்யப் போகிறார்கள், ஒன்று வீட்டைக் கெடுப்பார்கள், இல்லையென்றால் வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று வேலையைக் கெடுப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. பழைய வீட்டுக்கு எங்கே கட்டுப்பட வேண்டும், எங்கே "இல்லை, இங்கே நீ நகர்ந்துகொள்" என்று சொல்ல வேண்டும் என்று இந்தக் கட்டடத்தை மாற்றியவர்களுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் தெரிந்திருக்கிறது.

இந்தப் பக்கத்து வீடுகளின் அமைப்பு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு. முன்னால் திண்ணை, முகப்பு. அப்புறம் நடுவில் வானம் தெரிகிற முற்றமும் அதைச் சுற்றி அறைகளுமாக வளவு. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் சமையல், அதன் பின்வாசல் இன்னொரு தெருவில். வெளி ஆட்கள் முகப்போடு நின்றுவிடுவார்கள், உறவுக்காரர்கள் வளவு வரை வருவார்கள், அதற்கு மேல் வீட்டு ஆட்கள் மட்டும்தான். யார் எதுவரை வரலாம் என்பதை வீடே சொல்லிவிடும், யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

டாட்டூ வேலைக்கும் இதேதான் வேண்டும். விசாரிக்க வருகிறவர், கூட வந்த நண்பர், செருப்போடு நிற்கிறவர் எல்லாம் ஒரு எல்லையோடு நின்றுவிட வேண்டும். பள்ளியில் முகப்பை விசாரணைக்கும், ஒப்புதல் படிவம் எழுதுவதற்கும், டிசைன் பேசுவதற்கும் வைத்திருக்கிறார்கள். வளவுதான் வேலை நடக்கும் இடம். கருவிகள் சுத்தம் செய்கிற அறை இரண்டாம் கட்டின் மூலையில். புதிதாக ஒரு சுவர்கூட எழுப்பவில்லை. வீட்டின் பழைய வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள்.

வளவைச் சுற்றி இருக்கிற அறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தார் குடும்பத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் அந்தத் தம்பதியை ஒரு ‘புள்ளி’ என்று கணக்கு வைப்பார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் அறை உண்டு, சீர்ச் சாமான் எல்லாம் அதில்தான் இருக்கும். அதே அறைகள் இப்போது ஆளுக்கு ஒன்று என்று டாட்டூ போடுகிற அறைகள். மொத்தம் எட்டு. பொருள் வைப்பதற்காகக் கட்டிய அறைகள் என்பதால் ஜன்னல் சின்னது, வெளிச்சம் கிடையாது. மற்ற வேலைக்கு இது குறை. எங்கள் வேலைக்கு இது வசதி, ஏனென்றால் உடம்பில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் போட வேண்டியிருக்கும், வருகிறவருக்கு மறைவு வேண்டும். வெளிச்சத்தை எப்படியும் நாமே விளக்கு வைத்துத்தான் கொண்டுவரப் போகிறோம். அறைக்கு அறை வெள்ளை எல்.இ.டி. பேனல், 5000 கெல்வின், நிறம் மாறாமல் காட்டுகிற 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள விளக்கு, அதோடு கை மாதிரி வளைகிற விளக்கு ஒன்று. மாநிறத் தோலில் சாம்பல் நிற ஷேடிங் போடும்போது இந்த விளக்கின் அருமை தெரியும்.

இனி தரை. இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த விஷயம்தான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடி பட்ட பக்கம்தான் அந்த மினுமினுப்பு. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது சிமெண்ட்தான், உறிஞ்சும். இரண்டாம் வாரம் வளவுத் தாழ்வாரத்தில் நடக்கும்போது என் கையிலிருந்த தட்டு லேசாகச் சாய்ந்து, மை ஊற்றி வைக்கிற சின்னக் கிண்ணமான இங்க் கேப்பிலிருந்து கறுப்பு மை ஒரே ஒரு சொட்டு விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் அடித்துத் துடைக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே இருந்த மை வந்துவிட்டது. உள்ளே இறங்கியது இறங்கியதுதான். சிவப்பும் பச்சையுமாக இருக்கிற பூவின் ஓர் இதழில், மிளகு அளவில் ஒரு புள்ளி. பராமரிப்புக்கு வருகிற கொத்தனார் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்துவிட்டு, "விடு ஆத்தா, இது இனி கல்லோட சேர்ந்தது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு மனசே சரியில்லை, இரண்டு நாள் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போனது.

மை இறங்குகிற இடத்தில் இரத்தமும் இறங்கும். அதனால் வேலை நடக்கிற அறைக்கு அந்தக் கல் ஆகவே ஆகாது. ஆனால் அதைப் பெயர்த்து எடுத்தால் வீடே போச்சு. இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், பழைய தரையைத் தொடாமல், அதற்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு, சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் இணைப்பே இல்லாத சாம்பல் நிற எபாக்சி (தண்ணீர் உறிஞ்சாத பிசின் பூச்சு). சுவர் பக்கம் வந்ததும் அந்தத் தரை மூலையாக முடியாமல் வளைந்து நாலு அங்குலம் மேலே ஏறுகிறது, அதனால் அழுக்கு தங்க இடுக்கே இல்லை. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஐயோ, இவ்வளவு நல்ல வீட்டில் இப்படியா" என்கிறார்கள். நான் அந்தத் தரைக்காகத்தான் இந்தப் பள்ளிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

தரையை உயர்த்தியதில் இன்னும் இரண்டு காரியம் முடிந்திருக்கிறது. இந்த வீடுகளில் நிலைப்படி உயரம், காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். கையில் கிளவுஸ், தட்டில் ஊசி, இதில் படியைத் தாண்டுவது என்றால் ஆபத்து. உள்தரை நிலைப்படியின் உயரத்துக்கே வந்துவிட்டதால் தடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. தாழ்வாரத்திலிருந்து ஏற ஒரு சின்ன மரச்சரிவு வைத்திருக்கிறார்கள், சக்கரம் வைத்த தட்டு வண்டி நேராக உள்ளே போய்விடும். அடுத்து குழாய். எட்டு அறைக்கும் தனித்தனித் தொட்டி வேண்டும், முழங்கையால் திறக்கிற குழாய் வேண்டும், மின்சாரமும் வேண்டும். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்தால் அந்தப் பூச்சைத் திரும்பச் செய்ய இன்று ஆள் பிடிப்பது பெரும்பாடு. அதனால் எல்லாக் குழாயும் எல்லா வயரும் இந்த உயர்த்திய தரைக்கு அடியிலேயே ஓடுகின்றன. நாளைக்கே பள்ளியைக் காலி செய்தாலும் சட்டத்தைக் கழற்றி எடுத்துவிட்டால் அடியில் பழைய கல் அப்படியே இருக்கும். ஒரே முடிவில் மூன்று சிக்கல் தீர்ந்திருக்கிறது, யோசித்தவருக்குக் கை கொடுக்க வேண்டும்.

சுவரில் இவ்வளவு நிம்மதி இல்லை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்த பூச்சு, கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும், அதன் மேல் எனாமலோ எபாக்சியோ அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கொப்பளித்துவிடும். அது தெரிந்ததால், சுவருக்கு ஒரு அங்குலம் முன்னால் நாலடி உயரத்துக்குக் கண்ணாடி நிறுத்தியிருக்கிறார்கள். தெறிப்பது கண்ணாடியில் படும், பின்னால் சுவர் தெரியும். யோசனை நல்லது. ஆனால் அந்த ஒரு அங்குல இடைவெளியில் தூசி சேர்கிறது, பல்லி போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடிக்குக் கீல் இருக்கிறது, சனிக்கிழமைதோறும் திறந்து துடைக்கிறோம். கீல் இருப்பதால் ஆயிற்று, ஆனாலும் வாரம் ஒருமுறை போதாது என்பது என் அபிப்பிராயம். அறைக்குள் மரமச்சு தெரியாமல் வழவழப்பான பொய்க்கூரை போட்டு மறைத்ததும் சரிதான், பழைய மரத்திலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வளவு முற்றம் திறந்த வெளி, புறாவுக்காக வலை கட்டியிருக்கிறார்கள். பழைய மரக்கதவுக்கு உள்ளே இன்னொரு கண்ணாடிக் கதவும் இருப்பதால் முற்றத்துத் தூசி அறைக்குள் வருவதில்லை. மே மாத வெயிலில்கூட தாழ்வாரத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிந்தது, சூடான காற்று முற்றத்து வழியே மேலே போய்விடுகிறது. இடைவேளையில் அந்தத் தரையில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொள்வோம். மூன்று மணி நேரம் குனிந்து ஊசி பிடித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, குறைகள். மாடியில் ஒரு பெரிய ஹால் இருக்கிறது, பிராக்டிஸ் ஸ்கின் என்கிற செயற்கைத் தோலில் பழகுவதெல்லாம் அங்கேதான். மேற்குப் பக்கம் வளைவு வளைவாக வண்ணக் கண்ணாடி, சிவப்பு, நீலம், மஞ்சள். மதியம் மூன்றரைக்கு மேல் வெயில் அதன் வழியே இறங்கி மேசை எல்லாம் கலர் கலராக விழும். போட்டோவுக்கு அள்ளிக்கொண்டு போகும். ஆனால் என் மேசையில் மஞ்சள் பட்டை விழுந்தபோது, ரோஸ் நிற இதழுக்கு நான் கலந்த மை பீச் நிறமாகத் தெரிந்தது, இன்னும் கொஞ்சம் சிவப்பு சேர்த்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் அது செங்கல் நிறம். பக்கத்து மேசையில் நீலம் விழுந்த பையனுக்கு அவன் போட்ட கோடு எங்கே தடித்தது என்றே தெரியவில்லை. நிறம் பழகுகிற இடத்தில் நிறத்தைப் பொய்யாகக் காட்டுகிற வெளிச்சம் இருக்கவே கூடாது. வெள்ளைத் துணித் திரை தொங்கவிட்டார்கள், அது சாயத்தை முழுக்க நிறுத்தவில்லை, காற்றைத்தான் நிறுத்தியது. ஹாலைக் காலை வகுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு மதியப் பயிற்சியைக் கீழே முகப்பில் வைத்தால் தீர்ந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தலைக்கு மேலே இருக்கிற தேக்கு உத்தரங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்த மரம் வந்த பர்மாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்திக்கொள்வது பெருவழக்கமாக இருந்தது, அந்த மரத்தை ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தவர்களின் தொடையிலும் அந்தப் பச்சை இருந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டே மேலே பார்ப்பேன்.

அதே ஹாலில் சத்தமும் ஒரு தொல்லை. பழைய முறைப்படி, மின்காந்தச் சுருளால் ஊசியை அடிக்கிற காயில் மெஷினில்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்ல பழக்கம்தான், ஆனால் கல் தரை, சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, எட்டு காயில் மெஷின் சேர்ந்து அடித்தால் குளவிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், மாஸ்டர் சொல்வது காதில் விழாது. ஒரு சுவர் முழுக்கக் கோரைப்பாய் தொங்கவிட்ட பிறகு கொஞ்சம் அடங்கியது. மாடியில் உண்மையான தோலில் யாரும் ஊசி வைக்கக் கூடாது என்ற விதி இருப்பதால் பாய் பரவாயில்லை.

எனக்குக் கோபமே வந்தது ஓர் இடத்தில்தான். பயன்படுத்திய ஊசிகளை வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில் போடுகிறோம், இரத்தம் பட்ட பஞ்சும் துணியும் மஞ்சள் பையில். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி எல்லாம் சரியாகவே பிரிக்கிறார்கள். நீராவியால் கிருமியைக் கொல்கிற ஆட்டோகிளேவும் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம் என்று நோட்டில் ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பைகள் வெளியே போகிற வழி மூன்றாம் கட்டுச் சமையலறை வழியாகத்தான், ஏனென்றால் பின்வாசல் அங்கே இருக்கிறது. சமையல்கார அம்மா வருவதற்கு முன்னால், காலை ஐந்தரைக்கே எடுத்துப் போய்விடுகிறார்கள், பைகளும் மூடிய வண்டியில்தான் போகின்றன. இருந்தாலும் வெள்ளைப் பணியாரம் சுடுகிற அடுப்புக்கு மூன்றடி தூரத்தில் அந்த வண்டி போவதை நான் ஏற்கவே மாட்டேன். முன்னாலிருந்து பின்னால் வரை யார் எங்கே வரலாம் என்று இவ்வளவு அழகாக யோசித்தவர்கள், குப்பை எப்படி வெளியே போகும் என்பதை மட்டும் பழைய வீட்டின் போக்கிலேயே விட்டுவிட்டார்கள். பழைய வீட்டில் பின்வாசல் வழியே போனது வாழையிலையும் காய்கறித் தோலும். இது வேறு.

திண்ணையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. என் அப்பத்தாவின் இரண்டு முன்கையிலும் பச்சை உண்டு, புள்ளி வைத்த கோலம் ஒன்று, தேள் ஒன்று. தேவகோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, ஊர் ஊராக வருகிற குறவர் இனத்துப் பெண்மணி ஒருவர் குத்திவிட்டாராம். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றி எரித்துக் கிடைக்கிற கரிதான் மை. ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் கையாலேயே குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார் என்று அப்பத்தா சொல்லும். இந்தப் பள்ளியின் திண்ணையில் எந்தச் சாமானும் வைக்காமல் வெறும் திண்ணையாகவே விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் வந்து உட்காருவார், எண்பது வயது இருக்கும். நாலாவது வாரம் நாங்கள் கேட்காமலே சேலைத் தலைப்பை விலக்கிக் கையைக் காட்டினார். கை முழுக்கச் சுருக்கம், பச்சை பரவி நீலமாகிவிட்டது, ஆனால் ஏழு புள்ளியும் அதைச் சுற்றிப் போகிற கோடும் தெரிந்தது. தெளிவான பிளாஸ்டிக் தாளை அவர் கைமேல் வைத்து நானும் இன்னொரு பெண்ணும் மெதுவாக வரைந்து எடுத்தோம். "அழுத்தாதடி, வலிக்காது, ஆனா கூசுது" என்றார். எங்கள் ஆறு வாரத்தில் இவ்வளவு கவனமாக வேறு எதையும் வரையவில்லை.

மற்றபடி சுருக்கமாக: தங்குமிடம் இரண்டாம் கட்டு மாடி, சுத்தம். சாப்பாடு மிகவும் நல்லது, செவ்வாய்க்கிழமை கவுனி அரிசி. சேரும்போது ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சீட்டு கேட்கிறார்கள், மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும் என்பதால் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள். மழைக் காலத்தில் சேர்கிறவர்கள் கவனம், முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரை அடிக்கும், அந்த மரச்சரிவு வழுக்கும், ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

சமையலறை விஷயத்தை ஆபீஸில் நேராகவே பேசினேன். கோபப்படாமல் கேட்டார்கள். இரண்டாம் கட்டின் பக்கச் சுவரில், அடுத்த சந்தைப் பார்த்து முன்பு ஒரு வாசல் இருந்து அடைத்திருக்கிறார்கள், அதைத் திறந்து குப்பைக்கு மட்டும் தனி வழி ஆக்குகிறோம் என்று சொல்லி, அந்தச் சுவரில் செங்கல் வேறுபட்டுத் தெரிகிற இடத்தையும் கூட்டிப் போய்க் காட்டினார்கள். தை மாதம் இரண்டு நாள் கலர் வகுப்புக்கு மறுபடி போகிறேன். அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.